அம்பாசிடரா, பத்மினியா? ஓராண்டுக் கணக்கு

மும்பை மாடுங்காவில் நாங்கள் நாற்பது ஆண்டுகளாகக் குடியிருந்துவரும் கட்டடத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப்போகிறார்கள். புதிய கட்டடத்தில் வீட்டுக்கு ஒரு கார் நிறுத்துமிடம் மட்டுமே என்று ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதியிருக்கிறது. எங்களிடம் இருப்பவையோ இரண்டு. ஒன்று, 1977-இல் அன்றைய கல்கத்தாவில் வாங்கப்பட்ட அம்பாசிடர் மார்க் 3. எங்களில் ஒருவரின் தந்தையார் பணி ஓய்வு பெற்று எங்களோடு வாழ வந்தபோது அதுவும் அவருடன் வந்தது. மற்றொன்று, 1985-இல் வங்கிக் கடன் பெற்று நாங்கள் புதிதாக வாங்கிய பிரீமியர் பத்மினி. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றொன்றுக்கு விடைகொடுத்தாக வேண்டும்.

இதுபற்றி வீட்டில் நடந்த பேச்சுகள் எதுவும் முடிவுக்கு வரவில்லை. எங்களில் ஒருவருக்குத் தந்தையின் நினைவு. மற்றவருக்கு முதன்முதலாகத் தாமே ஓட்டிப் பழகிய வண்டி. ஆகவே ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். இரண்டு கார்களையும் ஓராண்டுக் காலம் தலா 2,000 கிலோமீட்டர் ஓட்டுவது. பெட்ரோல், பழுது, உதிரிப்பாகம், கட்டணம் என்று செலவாகும் ஒவ்வொரு ரூபாயையும் ஒரு நோட்டில் எழுதிவைப்பது. ஆண்டு முடிவில் அந்த நோட்டைப் பார்த்து முடிவெடுப்பது. பழைய கார் ஒன்றை வீட்டில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தவிப்போரும், ஓய்வூதியப் பணத்தில் ஒன்றை வாங்கிப் பார்க்கலாமா என்று எண்ணுவோரும் நம்மிடையே பலர் உண்டு. அவர்களுக்கு அந்த நோட்டு பயன்படக்கூடும்.

இரண்டுமே அயல்நாட்டில் பிறந்து இந்தியாவில் வளர்ந்தவை. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபர்டு மூன்றாம் வரிசைக் காரை, மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் 1950களின் பிற்பகுதியில் அம்பாசிடர் என்ற பெயரில் தயாரிக்கத் தொடங்கியது. 2014 மே மாதம் அந்த ஆலை உற்பத்தியை நிறுத்தும்வரை அதன் உருவம் பெரிதாக மாறவில்லை. இத்தாலியின் ஃபியட் 1100 காரை, வால்சந்த் ஹிராசந்த் நிறுவிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் நிறுவனம் மும்பையின் குர்லாவில் தயாரித்தது. 1964-இல் ‘1100 டிலைட்’ என்று வந்த அந்த மாதிரி, இடையில் சில ஆண்டுகள் ‘பிரசிடென்ட்’ என்றும், 1974 முதல் ‘பத்மினி’ என்றும் அழைக்கப்பட்டது. சென்னையை அடுத்த வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்டு கார்களையும் சேர்த்தால், 1983 டிசம்பரில் மாருதி 800 வரும்வரை கார் வாங்க நினைத்த இந்தியக் குடும்பத்தின் முன் இருந்த தேர்வு ஏறத்தாழ அவ்வளவே. முன்பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். எங்கள் பத்மினிக்கான முறை வந்தபோது மாருதி சாலைக்கு வந்துவிட்டது. இருந்தாலும், கட்டிய முன்பணத்தை விட மனமில்லாமல் அதையே வாங்கினோம்.

மலைப்பாதையில் தெரிந்தது

காகிதத்தில் பார்த்தால் அம்பாசிடர் பெரிய இன்ஜின் கொண்டது, 1,489 சி.சி., ஏறத்தாழ 50 குதிரைத்திறன். பத்மினியின் இன்ஜின் 1,089 சி.சி., 40-ஐ ஒட்டிய குதிரைத்திறன். ஆனால் அம்பாசிடரின் எடை 1,100 கிலோவைத் தாண்டும். பத்மினியின் எடையோ 900 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. திறனை எடையால் வகுத்துப் பார்த்தால் டன்னுக்கு இரண்டுக்கும் ஏறத்தாழ 45 குதிரைத்திறன்தான் வருகிறது. பெரிய இன்ஜின் என்று அம்பாசிடர்க்காரர்கள் பெருமை பேசுவதற்கும், சின்ன வண்டி பறக்கும் என்று பத்மினிக்காரர்கள் பேசுவதற்கும் கணக்கில் இடமில்லை.

ஆனாலும் ஓட்டும்போது இரண்டும் வெவ்வேறு வண்டிகளாகத்தான் தெரிகின்றன. காரணம் இன்ஜினின் அமைப்பில் இருக்கிறது. அம்பாசிடரின் சிலிண்டர் விட்டம் 73 மி.மீ.; பிஸ்டன் மேலும் கீழும் செல்லும் தூரம் 89 மி.மீ. பத்மினியில் இவை முறையே 68, 75. நீண்ட தூரம் ஏறி இறங்கும் பிஸ்டன் மெதுவான ஓட்டத்திலேயே நல்ல இழுவை தரும். ஆனால் வேகமாகச் சுழல விரும்பாது. பத்மினியின் இன்ஜின் உற்சாகமாகச் சுழலும். சுழலவிட்டால்தான் வேலை செய்யும்.

இந்த வேறுபாட்டை மும்பையிலிருந்து லோனாவ்லாவுக்குப் பழைய நெடுஞ்சாலையில் போகும்போது கண்கூடாகக் கண்டோம். விரைவுச்சாலை வந்த பிறகு பழைய சாலையில் நெரிசல் சற்றுக் குறைவு. நாற்பது வயது வண்டிகளுக்கு அதுவே ஏற்றது. கண்டாலா மலையேற்றத்தில், நான்கு பேரும் பெட்டிகளுமாக அம்பாசிடர் மூன்றாம் கியரிலேயே நிதானமாக ஏறிவிட்டது. அதே ஏற்றத்தில் அதே நால்வருடன் பத்மினியை இரண்டாம் கியருக்கு இறக்கவேண்டி வந்தது. வெப்பமானியின் முள்ளும் மேலே ஏறத் தொடங்கியது. இருவர் மட்டும் சென்ற மற்றொரு நாளில் பத்மினிக்கு அந்தச் சிரமம் இல்லை.

இறக்கம் வேறு கதை. எங்கள் இரண்டு கார்களிலும் நான்கு சக்கரங்களுக்கும் டிரம் பிரேக்தான். தொடர்ந்து மிதித்தால் டிரம் சூடேறிப் பிடிமானம் குறையும். எடை கூடிய அம்பாசிடரில் அது விரைவிலேயே தெரிகிறது. பாதி வழி இறங்கியபோது பெடல் வழக்கத்தைவிட ஆழமாகச் சென்றது. சாலையோரம் நிறுத்திக் கால்மணி நேரம் ஆறவிட்டோம். ஏறிய கியரிலேயே இறங்குவது என்ற பழைய ஓட்டுநர்களின் விதியை அன்று மறந்திருந்தோம். இன்றைய கார்களை ஓட்டிப் பழகிய பிள்ளைகளிடம் இந்த வண்டிகளைக் கொடுப்பதானால் முதலில் சொல்லவேண்டியது இதைத்தான்.

நகரத்துக்குள் நிலைமை தலைகீழ். அம்பாசிடரின் நீளம் 4,325 மி.மீ.; பத்மினி 3,930 மி.மீ. ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் வேறுபாடு மாடுங்கா சந்தைத் தெருவில் ஒரு பெரிய வேறுபாடு. அம்பாசிடரின் ஸ்டீயரிங் பல்சட்ட அமைப்பு கொண்டது; ஓடும்போது துல்லியமானது. ஆனால் நின்ற இடத்தில் திருப்புவதற்குத் தோள் வலிமை வேண்டும். பத்மினியின் ஸ்டீயரிங் பெட்டியில் தேய்மானத்தால் கொஞ்சம் ஆட்டம் இருக்கிறது. ஆனால் ஒற்றைக் கையால் திருப்பிவிடலாம். இரண்டிலும் கியர்த் தண்டு ஸ்டீயரிங்கின் பக்கவாட்டில் இருக்கிறது. முதல் கியர் வண்டி முழுதாக நின்ற பின்பே மறுப்பின்றி விழும். நெரிசலில் ஊர்ந்துகொண்டே முதல் கியர் போட முயன்றால் எழும் ஓசைக்கு நடைபாதையில் போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

பயணச் சுகத்தில் அம்பாசிடரை மறுப்பதற்கில்லை. 15 அங்குலச் சக்கரம், முன்புறம் முறுக்குத் தண்டு, பின்புறம் பட்டை வில், அகன்ற பின்னிருக்கை ஆகியவை சேர்ந்து மழைக்காலத்து மும்பைப் பள்ளங்களைப் பயணிக்கு உணர்த்தாமல் கடந்துவிடுகின்றன. பத்மினி அவற்றை உணர்த்தும். 14 அங்குலச் சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறுவதை ஓட்டுநரின் முதுகு அறியும்.

முதலில் கேட்கப்படும் கேள்வி

பழைய கார் என்றதும் எல்லோரும் கேட்பது மைலேஜ் எவ்வளவு என்பதைத்தான். எங்கள் நோட்டின்படி ஆண்டுச் சராசரியாக அம்பாசிடர் லிட்டருக்கு 9 கிலோமீட்டரும், பத்மினி 13 கிலோமீட்டரும் தந்தன. பெரிய வேறுபாடு என்று தோன்றும். 2,000 கிலோமீட்டருக்கு அம்பாசிடர் குடித்தது 222 லிட்டர்; பத்மினி 154 லிட்டர். வேறுபாடு 68 லிட்டர். லிட்டருக்கு 100 ரூபாய் என்று முழு எண்ணாக வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 6,800 ரூபாய். நாள்தோறும் அலுவலகம் செல்வதற்கென்றால் இது முடிவைத் தீர்மானிக்கும். வாரம் ஒருமுறை கோயிலுக்கும், திருமணங்களுக்கும், மாதம் ஒருமுறை ஊருக்கு வெளியிலும் ஓடும் காருக்கு இது தீர்மானிக்கும் தொகை அன்று.

பெட்ரோல் தொடர்பாகச் செலவைவிடக் கவனிக்கவேண்டியது வேறொன்று. இப்போது நாடெங்கும் பங்குகளில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். இந்த இரண்டு கார்களும் வடிவமைக்கப்பட்ட காலத்தில் இதை யாரும் நினைத்திருக்கவில்லை. எத்தனால் பழைய வகை ரப்பரை இளகச் செய்யும்; காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்வதால் நீண்ட நாள் நிற்கும் வண்டியின் டேங்க் உள்ளே துருப்பிடிக்கும். ஒரு காலை பத்மினியின் அருகே சென்றபோதே பெட்ரோல் வாடை அடித்தது. பானெட்டைத் திறந்தால், பம்பிலிருந்து கார்புரேட்டருக்குச் செல்லும் குழாய் விரலால் அழுத்த உள்ளே போகும் அளவுக்கு இளகியிருந்தது. கசிவு சூடான இன்ஜினின் மேல் விழுந்திருந்தால் இந்தக் கட்டுரையை எழுதும் தேவை இருந்திருக்காது. அன்றே இரண்டு கார்களிலும் எத்தனாலைத் தாங்கும் குழாய்களைப் பொருத்தினோம். பம்பின் உள்ளே இருக்கும் ரப்பர்த் தகட்டையும் மாற்றினோம். இரண்டுக்கும் சேர்த்து ஆன செலவு ஒரு டேங்க் பெட்ரோலின் விலைதான். சிறிய தீயணைப்பான் ஒன்றும் முன்னிருக்கையின் கீழ் இடம்பெற்றது. பழைய கார் வைத்திருப்போர் இந்தக் கட்டுரையிலிருந்து ஒன்றை மட்டும் இன்றே செய்வதானால் இதைச் செய்யுங்கள்.

கோடை நெரிசலில் வண்டி திடீரென நின்றுபோய், ஆறிய பின் ஒன்றும் நடவாததுபோல் கிளம்புவது இரண்டுக்கும் பொதுவான பழக்கம். இன்ஜினையொட்டி இருக்கும் பம்பில் பெட்ரோல் ஆவியாகிவிடுவதே காரணம். டாக்சிக்காரர்கள் பம்பின்மேல் ஈரத்துணி சுற்றிவைப்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம். அதைவிடச் சிறந்த வைத்தியம் எங்களுக்கும் தெரியவில்லை.

இன்ஜின் மலிவு, தகரம் விலை உயர்வு

இன்ஜின் பராமரிப்பில் இரண்டுக்கும் உள்ள முக்கிய வேறுபாடு மூடியில் இருக்கிறது. அம்பாசிடரின் சிலிண்டர் தொகுதி, மூடி இரண்டுமே வார்ப்பிரும்பு. கனமானது, ஆனால் சற்றுச் சூடேறினாலும் பொறுத்துக்கொள்ளும். பத்மினியின் மூடி அலுமினியக் கலவை. எடை குறைவு, வெப்பத்தை விரைவில் வெளியேற்றும். ஆனால் ஒருமுறை தண்ணீர் வற்றிக் கொதித்துவிட்டால் வளைந்துபோகும். பிறகு கேஸ்கெட் நிற்காது. ஆகவே பத்மினி வைத்திருப்பவர் ரேடியேட்டரை மறக்கக் கூடாது. காலையில் மூடியைத் திறந்து தண்ணீர் மட்டத்தைப் பார்ப்பது பல் துலக்குவதுபோல் ஆகிவிட வேண்டும். வார்ப்பிரும்புக்கும் ஒரு குறை உண்டு. 2000-ஆம் ஆண்டு ஈயம் கலந்த பெட்ரோல் நாட்டில் நிறுத்தப்பட்டது. அந்த ஈயம் வால்வு அமரும் இடத்துக்கு ஒரு மெத்தைபோல் இருந்துவந்தது. அதன் பிறகு வால்வு இருக்கைகள் விரைவாகத் தேயலாயின. எங்கள் அம்பாசிடருக்குக் கடினமான எஃகு வளையங்களைப் பொருத்தி அதைச் சரிசெய்தாகிவிட்டது.

முன்சக்கர இணைப்புகளுக்குக் கிரீஸ் அடிப்பது இரண்டிலும் தவிர்க்க முடியாத கடமை. இன்றைய கார்களில் அப்படியொரு வேலை இல்லாததால் இளைய மெக்கானிக்குகளுக்கு அது நினைவில் வராது. கிரீஸ் முனைகளை அவர்களுக்குக் காட்டவேண்டியிருக்கிறது. அம்பாசிடரில் இதை ஆறு மாதம் விட்டால் ஸ்டீயரிங் இறுகத் தொடங்கும்.

இவை அனைத்தும் சேர்ந்தும் நோட்டில் பெரிய இடம் பிடிக்கவில்லை. ஆண்டு முழுவதும் இன்ஜின், கியர், பிரேக் ஆகியவற்றுக்கு ஆன செலவு இரண்டு கார்களிலும் ஏறத்தாழ ஒன்றே. நோட்டின் போக்கை மாற்றியது ஒரு ஸ்க்ரூடிரைவர்.

மழைக்காலம் முடிந்த கையோடு, பத்மினியின் ஓட்டுநர் பக்கத்து ரப்பர் விரிப்பைத் தூக்கிப் பார்த்தோம். அடியில் போட்டிருந்த செய்தித்தாள் கூழாகியிருந்தது. முன்கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் வெடித்து, அதன் வழியாக மழைநீர் சொட்டுச் சொட்டாக இறங்கி விரிப்புக்கு அடியில் தேங்கியிருக்கிறது. எங்கள் மெக்கானிக், முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல், ஸ்க்ரூடிரைவரைத் தரையில் வைத்து மெல்ல அழுத்தினார். அது தகரத்தைத் துளைத்துக்கொண்டு கீழே தெரிந்த சிமென்டுத் தளத்தைத் தொட்டது. கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிச் சட்டத்திலும் ஒருபக்கம் அதே நிலை. வெளியே பளபளக்கும் வண்ணம், உள்ளே பிஸ்கட்டைப்போல் நொறுங்கும் இரும்பு.

இது அழகு சார்ந்த குறையன்று. லாரியிலும் ஜீப்பிலும் தனியே ஓர் அடிச்சட்டம் இருக்கும். உடல் அதன்மேல் உட்கார்ந்திருக்கும். அம்பாசிடரிலும் பத்மினியிலும் அப்படித் தனிச் சட்டம் கிடையாது. தரைத் தகடு, கதவடிப் பெட்டி, தூண்கள் ஆகியவை ஒன்றாகப் பற்றவைக்கப்பட்ட உடலே வண்டியின் எடையைத் தாங்குகிறது. தரை அரித்துப்போனால் முதுகெலும்பு அரித்துப்போனதற்குச் சமம். கதவுகள் சரியாகப் பொருந்தாமல் போவது அதன் முதல் அடையாளம். எங்கள் பத்மினியின் முன்கதவைச் சற்றுத் தூக்கி மூடவேண்டியிருந்ததைக் கீலின் தேய்மானம் என்று பல ஆண்டுகளாக எண்ணிக்கொண்டிருந்தோம்.

அரித்த பகுதியை வெட்டி எடுத்து, புதுத் தகடு வளைத்து, பற்றவைத்து, துருத்தடுப்பு பூசி, வண்ணம் அடித்து முடிய ஏழு வாரங்கள் ஆயின. பட்டி பூசி மறைத்துத் தருவதாகக் குறைந்த விலையில் சொன்னவர்களும் உண்டு, மறுத்துவிட்டோம். டிங்கரிங் செலவு, இரண்டு கார்களுக்கும் இடையிலான பத்தாண்டுப் பெட்ரோல் வேறுபாட்டை ஒரே மூச்சில் விழுங்கிவிட்டது. அச்சத்துடன் அம்பாசிடரையும் அதே சோதனைக்கு உட்படுத்தினோம். பின்பெட்டியில் மாற்றுச் சக்கரம் கிடக்கும் பள்ளத்தின் அடியில் உள்ளங்கை அளவு துரு. மற்றபடி ஸ்க்ரூடிரைவர் எங்கும் இறங்கவில்லை. தந்தையார் ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் முன்பு அடிப்பாகத்தில் பழைய இன்ஜின் ஆயிலைப் பூசிவைப்பார். அவரைக் கேலி செய்திருக்கிறோம்.

டாக்சிகள் போன பிறகு

உதிரிப்பாகங்களைப் பொறுத்தவரை, 2014 வரை உற்பத்தியில் இருந்த அம்பாசிடருக்கே அனுகூலம். கொல்கத்தாவின் மல்லிக் பஜார், தில்லியின் காஷ்மீரி கேட், சென்னையின் புதுப்பேட்டை என்று எங்கு கேட்டாலும் இன்ஜின், பிரேக் பாகங்கள் கிடைத்துவிடும். மார்க் 3-க்கே உரிய முகப்புச் சட்டம், விளக்கு வளையம் போன்றவைதாம் அரிது. பத்மினியின் உற்பத்தி 2000-ஆம் ஆண்டை ஒட்டி நின்றது. ஆயினும் மும்பையில் அதன் பாகங்களுக்குப் பஞ்சமில்லாமல் இருந்ததற்குக் காரணம் நாங்கள் அல்லோம்; கருப்பு மஞ்சள் டாக்சிகள். ஆயிரக்கணக்கான டாக்சிகள் நாள் முழுதும் ஓடித் தேய்ந்ததால்தான் கிளட்ச் தட்டு, பிரேக் லைனிங், கேஸ்கெட் எல்லாம் தொடர்ந்து தயாராயின. அவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பொருத்தும் கைகளும் இருந்தன. எங்களைப் போன்றோர் அந்தச் சந்தையின் ஓரத்தில் நின்று மலிவாகப் பயனடைந்துவந்தோம்.

மும்பையில் டாக்சிக்கு வயது வரம்பு 20 ஆண்டுகள். கடைசிப் பத்மினி டாக்சி 2023 அக்டோபர் இறுதியில் சாலையிலிருந்து விடைபெற்றது. அதற்குப் பிறகு குர்லாவின் சி.எஸ்.டி. சாலைக் கடைகளில் பத்மினிப் பாகம் கேட்டால், உள்ளே போய்த் தேடி, தூசி தட்டி எடுத்துவருகிறார்கள், புதிதாக வருவதில்லை. பம்பு, நீர்ப்பம்பு, பிரேக் சிலிண்டர் ஆகியவற்றில் ஒவ்வோர் இணை வாங்கி வீட்டில் வைத்திருக்கிறோம். கொல்கத்தாவின் மஞ்சள் டாக்சிகளும் 15 ஆண்டு வரம்பினால் குறைந்துகொண்டே வருகின்றன. ஆகவே அம்பாசிடரின் அனுகூலமும் நிலையானது என்று கருதிவிட வேண்டாம்.

காகிதங்களின் பராமரிப்பு

தனிநபர் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பிறகு ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை தகுதிச் சோதனையுடன் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரல் முதல் இதற்கான கட்டணம் 5,000 ரூபாய். 20 ஆண்டுகளைக் கடந்த கார்களுக்கு 2025-இல் அது 10,000 ரூபாயாக உயர்ந்தது. மாநிலத்தின் சுற்றுச்சூழல் வரி தனி. தில்லித் தலைநகர்ப் பகுதியில் பழைய வண்டிகளுக்குத் தனிக் கட்டுப்பாடுகள் உண்டு. அங்கிருந்து கார் வாங்க நினைப்பவர் முதலில் அவற்றை விசாரித்துக்கொள்வது நலம்.

ஐம்பது வயதைக் கடந்த, மூல உருவம் மாறாத வண்டிகளுக்கு 2021 முதல் ‘விண்டேஜ்’ பதிவு என்று ஒரு வசதி இருக்கிறது. கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டுகளுக்குச் செல்லும், எண் பலகையில் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் இடம்பெறும். 2027-இல் எங்கள் அம்பாசிடர் அந்தத் தகுதியை அடையும் என்று மகிழ்ந்தோம். விதியைப் படித்தபின் மகிழ்ச்சி குறைந்தது. அவ்வாறு பதிந்த காரைக் கண்காட்சி, அணிவகுப்பு, பழுதுபார்ப்பு போன்றவற்றுக்குத்தான் சாலையில் எடுக்கலாம். வழக்கமான பயணத்துக்கு ஓட்டக் கூடாது. காய்கறி வாங்கப் போக முடியாது.

காப்பீட்டில், ஐந்து ஆண்டுகளைத் தாண்டிய வண்டியின் மதிப்பு காப்பீட்டு நிறுவனமும் உரிமையாளரும் பேசி ஒப்புக்கொள்வது. பேசாமல் கையெழுத்திட்டால் பெயரளவுக்கு ஒரு தொகை எழுதப்பட்டுவிடும். டிங்கரிங் ரசீதுகளையும் புகைப்படங்களையும் காட்டி இந்த முறை அந்தத் தொகையை உயர்த்திக்கொண்டோம். இவ்வளவு பழைய காரை வாங்குவதற்கு வழக்கமான வாகனக் கடன் கிடைப்பது அரிது. கடன் தவணை முடியும்போது வண்டிக்கு இருக்கும் வயதையும் வங்கிகள் பார்க்கும் என்பதை வாங்க நினைப்போர் கருத்தில் கொள்ள வேண்டும்.

எங்களுக்கு வெட்கம் தந்த கண்டுபிடிப்பும் காகிதத்தில்தான் இருந்தது. பத்மினியின் பதிவுப் புத்தகத்தைப் புரட்டியபோது, கடன் தந்த வங்கியின் பெயர் அதில் இன்னும் ஈட்டுதாரராக நின்றது. கடைசித் தவணையைக் கட்டி முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. கடன் தீர்ந்ததும் வங்கியின் சான்றிதழையும் 35-ஆம் எண் படிவத்தையும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கொடுத்து அந்தப் பதிவை நீக்கியிருக்க வேண்டும். நாங்கள் செய்யவில்லை. பழைய கடன் கணக்கு எண் எழுதிய தவணைச் சீட்டு ஒன்று திருமணப் புகைப்படத் தொகுப்புக்குள் கிடைத்ததால் வேலை எளிதாயிற்று. அது இல்லாதிருந்தால் கிளையில் தேடுவதற்கே சில மாதங்கள் ஆகியிருக்கும். இந்தப் பதிவு நீங்காமல் காரை விற்க முடியாது; வாரிசுகளின் பெயருக்கு மாற்றுவதும் சிக்கலாகும். உங்கள் பதிவுப் புத்தகத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

எது நின்றது

ஆண்டு முடிவில் நோட்டைக் கூட்டிப் பார்த்தோம். உறுதி, உதிரிப்பாகம், பயணச் சுகம், மலையேற்றம் அனைத்திலும் அம்பாசிடரே முன்னே நின்றது. பத்மினிக்குச் சாதகமாக நின்றவை பெட்ரோலும் நகரத்துக்குள் ஓட்டும் எளிமையும் மட்டுமே. பராமரிப்புக் கணக்கை மட்டும் வைத்து யாரேனும் எங்களிடம் ஆலோசனை கேட்டால், நல்ல உடலுள்ள அம்பாசிடரையே வாங்கச் சொல்வோம். நாங்கள் வைத்துக்கொண்டது பத்மினியை.

நோட்டில் மற்றொரு வரிசையும் இருந்தது. எந்தத் தேதியில் எந்தக் கார் எவ்வளவு தூரம் ஓடியது என்பது. டிங்கரிங் பட்டறையில் கிடந்த ஏழு வாரங்கள் போகப் பத்மினி ஒவ்வொரு வாரமும் வெளியே சென்றிருந்தது. அதன் 2,000 கிலோமீட்டர் பதினொன்றாம் மாதத்திலேயே முடிந்துவிட்டது. அம்பாசிடரின் கடைசி 600 கிலோமீட்டரைக் கணக்கை நிறைவுசெய்வதற்காகவே ஒரே மாதத்தில் ஓட்டித் தீர்த்தோம். எங்கள் இருவர் வயதும் எழுபதை நெருங்குகிறது. ஒருவருக்குத் தோள்வலி. நிறுத்தும்போதும் எடுக்கும்போதும் அந்த ஸ்டீயரிங்கோடு மல்லுக்கட்ட வேண்டும் என்பதால், சாவி மாட்டியிருக்கும் ஆணியிலிருந்து கை தானாகப் பத்மினியின் சாவியையே எடுத்திருக்கிறது. ஓடாமல் நிற்கும் காரில் பிரேக் சிலிண்டர் இறுகும், கார்புரேட்டர் வறளும், டயர் ஒருபக்கம் தட்டையாகும், டேங்கில் ஈரம் சேரும். இன்னும் ஐந்து ஆண்டுகள் நாங்கள் வைத்திருந்தால் நல்ல அம்பாசிடர் ஒன்று எங்கள் கண்ணெதிரே கெட்டுப்போகும்.

விலையும் அதே பக்கம்தான் காட்டியது. ஒட்டுப்போட்ட தரையுள்ள பத்மினியை விற்றால் தகரத்துக்குச் செலவிட்ட தொகைகூடத் திரும்பாது. துருவில்லாத மார்க் 3-ஐத் தேடுவோர் இருக்கிறார்கள்.

வாங்க வந்தவர் நாசிக்கைச் சேர்ந்தவர்; திராட்சைத் தோட்டம் வைத்திருப்பவர்; வயது நாற்பதுக்குள் இருக்கும். முன்பு வந்த மூவரும் பானெட்டைத் திறக்கச் சொல்லி இன்ஜின் ஓசையைக் கேட்டார்கள். இவர் ஒரு சாக்கை விரித்து, டார்ச்சுடன் வண்டிக்கு அடியில் படுத்துவிட்டார். அரைமணி நேரம் கழித்து வெளியே வந்து, சட்டையில் ஒட்டிய கறுப்பு எண்ணெயைக் காட்டி, இது யார் பூசியது என்று கேட்டார். மாமனார் என்று எங்களில் ஒருவரும், அப்பா என்று மற்றவரும் ஒரே நேரத்தில் சொன்னோம். அதன் பிறகு விலையைப் பற்றி அவர் அதிகம் பேசவில்லை.

29, 30-ஆம் எண் படிவங்களில் கையெழுத்திட்டு, தொகை கணக்கில் வரவானதும் சாவியைக் கொடுத்தோம். உபரி கேஸ்கெட் தொகுப்பையும், கிரீஸ் துப்பாக்கியையும், தந்தையார் கையெழுத்தில் கிரீஸ் அடித்த தேதிகள் நிறைந்த சிறு நோட்டையும் முன்னிருக்கையில் வைத்தோம். இறக்கத்தில் ஏறிய கியரிலேயே இறங்கும்படி சொன்னோம். கசாரா மலைப்பாதையை மூன்றாம் கியரிலேயே ஏறிவிட்டது என்று அன்று மாலை தொலைபேசியில் தெரிவித்தார்.